நேரில் வா, அம்மா!

இயந்திரம் மனிதரை மனிதரிடமிருந்து பிரித்துவிடும் என்று நூறாண்டுகளுக்கு மேலாகக் கதைகள் சொல்லிவருகின்றன. பிரிவு எப்படி வரும் என்பதில்தான் அவற்றுக்குள் சண்டை.

பூமிக்கு அடியில் அறுகோண வடிவில் ஓர் அறை. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் வஷ்டி என்ற பெண்மணி. ஒரு பட்டனை அழுத்தினால் சாப்பாடு வரும். இன்னொன்றுக்கு வெந்நீர்த் தொட்டி எழும்பும். மற்றொன்றுக்கு இசை ஒலிக்கும். அவருக்கு ஆயிரக்கணக்கானவர்களைத் தெரியும், ஆனால் யாரையும் நேரில் பார்ப்பது கிடையாது. பூமியின் மறுபக்கத்திலிருந்து மகன் கூனோ கூப்பிடுகிறான். அவர் கையிலிருக்கும் வட்டத் தட்டில் நீல வெளிச்சம் பரவி, மகனின் முகம் தெரிகிறது. அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தட்டில் பார்த்தது போதும், நேரில் வா. ஆகாயக் கப்பலில் ஏறினால் இரண்டே நாள் பயணம். அம்மாவோ ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாதவர்.

கொரோனா ஊரடங்கில் யாரோ எழுதியது என்று தோன்றும். எழுதியவர் ஈ.எம். ஃபார்ஸ்டர். 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற அந்த நீண்ட சிறுகதை வெளியானது 1909 நவம்பரில். டிவி அப்போது கிடையாது, வானொலி நிலையமும் கிடையாது. லூயி ப்ளெரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தே நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அறிவியல் மனிதகுலத்தைச் சொர்க்கத்துக்குக் கூட்டிப்போகும் என்று எச்.ஜி. வெல்ஸ் எழுதிக்கொண்டிருந்த காலம். அந்தச் சொர்க்கங்களில் ஒன்றுக்கான பதிலாகவே இந்தக் கதையை எழுதினேன் என்று ஃபார்ஸ்டர் பின்னாளில் சொன்னார்.

கடைசியில் வஷ்டி கிளம்பத்தான் செய்கிறார். ஆகாயக் கப்பலில் அவர் தடுமாறியபோது பணிப்பெண் கை நீட்டித் தாங்கிப் பிடிக்கிறாள். வஷ்டிக்குக் கோபம் வருகிறது, பணிப்பெண்ணும் மன்னிப்புக் கேட்கிறாள். தொடுவது அந்த உலகத்தில் வழக்கொழிந்துபோன பழக்கம். பிள்ளை பிறந்த கணத்தோடு பெற்றோரின் கடமை முடிந்தது என்பது அங்கே விதி.

இந்தக் கதையில் வில்லன் இல்லை. சர்வாதிகாரி யாரும் அம்மாவையும் மகனையும் பிரித்து அடைக்கவில்லை. நடக்கும் சிரமம், காத்திருக்கும் சிரமம், பிடிக்காதவரைச் சகித்துக்கொள்ளும் சிரமம் என்று ஒவ்வொன்றாக இயந்திரம் வாங்கிக்கொண்டது. மனிதர்கள் நன்றியோடு கொடுத்தார்கள். கொடுத்தவற்றோடு சேர்ந்து உறவும் போய்விட்டது.

கண்ணாடி வீடும் இனிப்பு மாத்திரையும்

ஃபார்ஸ்டருக்குப் பின் வந்த டிஸ்டோபியக் கதைகள், அதாவது கேடான எதிர்காலத்தைக் காட்டும் கதைகள், இரண்டு பாதைகளில் பிரிந்தன. ஒன்று பயத்தின் பாதை. அதைத் தொடங்கிவைத்தவர் கப்பல் கட்டும் பொறியாளர் ஒருவர். ரஷ்யாவின் யெவ்கேனி ஸம்யாத்தின், முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலில் தங்கித் தம் நாட்டுக்கான பனி உடைக்கும் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர். ஊர் திரும்பி 1920-21இல் எழுதிய நாவல் 'வீ'. அதில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கதாநாயகன் டி-503. வீடுகளின் சுவர்கள் எல்லாம் கண்ணாடி. எழுவது, மெல்லுவது, நடப்பது எல்லாம் கால அட்டவணைப்படி. இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றைக் காட்டினால், ஒருவரோடு தனித்திருக்கும் அந்த மணி நேரத்துக்கு மட்டும் சன்னல் திரையை இறக்கிக்கொள்ளலாம்.

டி-503க்குக் காதல் வருகிறது. அதோடு இரகசியம் வருகிறது, கனவு வருகிறது. அரசு ஓர் அறுவை சிகிச்சை செய்து அவன் மூளையிலிருந்து கற்பனையை எடுத்துவிடுகிறது. தான் உயிராய் நேசித்தவள் சித்திரவதைப்படுவதை அவன் எதிரில் உட்கார்ந்து, எந்தச் சலனமும் இல்லாமல் பார்க்கிறான். நாவல் சோவியத் மண்ணில் அச்சாகவில்லை. 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாக முதலில் வெளிவந்தது. ரஷ்யர்கள் தங்கள் நாட்டிலேயே அதைப் படிக்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நாவலுக்கு 1946 ஜனவரியில் 'டிரிப்யூன்' இதழில் மதிப்புரை எழுதினார் ஜார்ஜ் ஆர்வெல். மூன்றரை ஆண்டு கழித்து அவருடைய '1984' வந்தது. வீட்டுக்குள் நடப்பதை உளவு பார்க்கும், அணைக்கவே முடியாத டெலிஸ்க்ரீன் அந்த நாவலில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் மனத்தை அதிகம் உலுக்குவது பார்சன்ஸ் வீட்டு விவகாரம். தூக்கத்தில் தலைவருக்கு எதிராக ஏதோ உளறிவிடுகிறார் பார்சன்ஸ். சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்ட அவருடைய ஏழு வயது மகள் போலீஸில் சொல்லிவிடுகிறாள். சிறையில் உட்கார்ந்துகொண்டு அந்த அப்பா மகளை நினைத்துப் பெருமைப்படுகிறார். கருவி செய்ய வேண்டிய வேலையைக் குழந்தை செய்யப் பழகிவிட்டது. இனி அந்த வீட்டுச் சுவரில் கருவி இல்லாவிட்டாலும் யாரும் யாரோடும் மனம்விட்டுப் பேசப்போவதில்லை.

மற்றொன்று சுகத்தின் பாதை. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் குழந்தைகள் புட்டிகளில் வளர்கிறார்கள். ஒரே கருவிலிருந்து 96 இரட்டையர்கள்வரை உண்டாக்க முடியும். அம்மா என்பது அங்கே வாய்விட்டுச் சொல்லக் கூசும் கெட்ட வார்த்தை. மனம் கொஞ்சம் கனத்தால் சோமா மாத்திரை இருக்கிறது. அந்த உலகத்துக்கு வெளியே, தாயின் வயிற்றில் பிறந்து வளர்ந்த ஜான், சாகக் கிடக்கும் தன் அம்மாவைப் பார்க்க மருத்துவமனைக்கு ஓடுகிறான். அதே வார்டில் குழந்தைகளைக் கூட்டமாக அழைத்துவந்து, மரணத்தைப் பார்த்து மிரளாமலிருக்கப் பழக்குகிறார்கள். கையில் சாக்லேட் இனிப்பு கொடுக்கிறார்கள். அழும் ஜான்தான் அங்கே வேடிக்கைப் பொருள்.

ஈட்டன் பள்ளியில் ஹக்ஸ்லி கொஞ்ச காலம் பிரெஞ்சு கற்பித்தபோது அங்கே படித்த மாணவர்களில் ஒருவர் ஆர்வெல். '1984' வந்த ஆண்டு அக்டோபரில் ஹக்ஸ்லி பழைய மாணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். புத்தகத்தை மனதாரப் பாராட்டிவிட்டு, தன் கருத்தையும் சொன்னார்: ஆள்வோருக்குத் தடியும் சிறையும் செலவு பிடித்த வழிகள்; மக்கள் தங்கள் அடிமைத்தனத்தை விரும்பும்படி பழக்குவது இன்னும் சிக்கனமானது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கடிதம் வந்த மூன்று மாதத்தில் ஆர்வெல் இறந்துபோனார்.

திண்ணையை இடித்தவர்கள்

சுகத்தின் பாதையில் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்து எழுதியவர் ரே பிராட்பரி. 'ஃபாரன்ஹீட் 451' (1953) புத்தகம் எரிக்கும் கதையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அதன் நடு மையத்தில் இருப்பது ஒரு தாம்பத்தியம். தீயணைப்பு வீரன் மான்டாக்கின் மனைவி மில்ட்ரெட், காதுக்குள் சிப்பி வடிவ ரேடியோவைச் செருகிக்கொண்டு தூங்குகிறவள். வரவேற்பறையின் மூன்று சுவர்களும் டிவி. அதில் வருகிற கதாபாத்திரங்களை அவள் குடும்பம் என்றே சொல்கிறாள். வசனத்தில் ஓரிடம் காலியாக விடப்பட்டிருக்கும். திரையில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பும்போது அந்த வரியை அவள் சொல்ல வேண்டும். நான்காவது சுவருக்கும் டிவி வேண்டும் என்று நச்சரிக்கிறாள். விலை 2,000 டாலர், கணவனின் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

ஒருநாள் மான்டாக் கேட்கிறான்: நாம் முதன்முதலில் எங்கே சந்தித்தோம்? இருவருக்கும் நினைவில்லை.

அந்த நாவலில் இன்னொரு சின்னத் தகவல் உண்டு. வீடுகளுக்கு முன்னால் இருந்த திண்ணைகளை எடுத்துவிட்டார்கள். பார்க்க அழகாக இல்லை என்று கட்டடக் கலைஞர்கள் சொன்னது வெளிக்காரணம். அங்கே உட்கார்ந்து மக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே உண்மைக் காரணம். திண்ணையும் போய், ஆடும் நாற்காலியும் போய், அக்கம்பக்கத்துப் பேச்சும் போயிற்று. மான்டாக்கின் பக்கத்து வீட்டுப் பெண் க்ளாரிஸின் குடும்பம் மட்டும் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறது. தெருவே அதை விநோதமாகப் பார்க்கிறது.

பிராட்பரிக்கு இது வெறும் கற்பனை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இரவு நண்பரோடு காலாற நடந்துபோனபோது போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்த எரிச்சலில் பிறந்ததே 1951இல் வந்த 'தி பெடஸ்ட்ரியன்' சிறுகதை. 2053ஆம் ஆண்டில் நடக்கும் அந்தக் கதையில், எல்லோரும் டிவி முன்னால் இருக்க, ஒரே ஒரு மனிதன் தெருவில் நடக்கிறான். ஊரின் ஒரே போலீஸ் கார் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறது. காருக்குள் ஆள் இல்லை.

அமெரிக்காவில் 1950இல் பத்து வீட்டில் ஒன்றில்கூட டிவி இல்லை. 1960இல் ஏறக்குறைய ஒன்பதில் இருந்தது. நாற்பது ஐம்பது ஆண்டில் வரக்கூடிய உலகத்தை எழுதுவதாக பிராட்பரி நினைத்திருந்தார். நாவல் வெளிவரும் முன்பே, பெவர்லி ஹில்ஸில் ஒரு கணவனும் மனைவியும் நாயைக் கூட்டிக்கொண்டு அவரைக் கடந்து போனார்கள். மனைவியின் கையில் சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு ரேடியோ. அதன் வயர் அவள் காதில். பக்கத்தில் கணவன் நடப்பதே அவளுக்குத் தெரியவில்லை. 1953இல் 'தி நேஷன்' இதழில் பிராட்பரி இதைப் பதிவு செய்திருக்கிறார்.

கருவிகளைத் தயாரிப்பவர்களுக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கிறது. 1979இல் சோனி முதல் வாக்மேனை வெளியிட்டபோது அதில் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறப் பட்டன் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். மாதிரிக் கருவியை வீட்டில் போட்டுப் பார்த்தபோது தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவிக்கு வருத்தம் வந்தது. அதனாலேயே இந்த ஏற்பாடு என்று சோனியின் அகியோ மொரிட்டா எழுதியிருக்கிறார். வாங்கியவர்களோ தனியாகக் கேட்பதையே விரும்பினார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பட்டன் இல்லை.

சுஜாதாவின் நாய்

தமிழில் இந்த வகைக்கு மிகப் பரவலான வாசகர்களைச் சேர்த்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, தூர்தர்ஷனிலும் நாடகமானது. 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பிள்ளை பெற்றுக்கொள்ள நிலாவும் சிபியும் அரசிடம் அனுமதி வாங்கவேண்டும். மக்கள் உருகி வணங்கும் ஜீவாவோ ஒரு ஹோலோகிராம் பிம்பம்.

ஸம்யாத்தினையும் ஆர்வெலையும் படித்தவருக்கு இந்த ஏற்பாடு பழகியதாக இருக்கும். சுஜாதா வேறுபடுவது ஜீனோவில். சிபி காணாமல்போய், நிலா தனியாகத் தவிக்கும் வேளையில் அவளுக்குத் துணையாக நிற்பது ஓர் இயந்திர நாய். புத்தகம் படிக்கிறது, கிண்டல் அடிக்கிறது, யோசனை சொல்கிறது. போகப்போகத் தனக்குக் கொடுக்கப்பட்ட புரோகிராமையே தாண்டிப் போகிறது. சுற்றியுள்ள மனிதர்கள் அதிகாரத்துக்குக் கணக்குப் போடும்போது நாய் அவளுக்காகக் கவலைப்படுகிறது. மேற்கத்திய முன்னோடிகள் இயந்திரத்தைச் சுவராக வைத்தார்கள் என்றால், சுஜாதா அதைச் சுவரில் ஒரு சன்னலாகவும் வைத்துப் பார்த்தார். வாசகர்கள் ஜீவாவை மறந்தாலும் ஜீனோவை மறக்கவில்லை. 'மீண்டும் ஜீனோ' என்று அதன் பெயரிலேயே இரண்டாம் பாகம் வந்தது.

எழுதியவர்கள் மைக்கின் முன்னால்

ஆகவே, இந்த எழுத்தாளர்கள் கருவியைக் கண்டாலே ஓடுகிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பிராட்பரி வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் அவரே தன் கதைகளை வைத்து ஒரு டிவி தொடரும் நடத்தினார்.

ஃபார்ஸ்டர், ஆர்வெல் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ஆர்வெல் 1941 முதல் 1943 வரை லண்டன் பிபிசியின் கிழக்குச் சேவையில், இந்தியாவுக்கான பேச்சு நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். அவருக்காக மைக்கின் முன் உட்கார்ந்து இந்திய நேயர்களுக்குப் புத்தகங்களைப் பற்றித் தவறாமல் பேசியவர்களில் ஒருவர் ஃபார்ஸ்டர். உலகின் இரு முனைகளில் திரைவழியே பேசும் அம்மாவையும் மகனையும் 1909இல் கற்பனை செய்தவர், முகம் தெரியாதவர்களிடம் கடல் கடந்து வானொலியில் பேசினார். இந்திய மொழிகளில் பெயர்த்து ஒலிபரப்புவதற்காகப் போர்ச் செய்தித் தொகுப்புகளையும் ஆர்வெல் எழுதினார். பிபிசி தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கியிருந்தது. அந்தத் தொகுப்புகள் பெயர்க்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று.

இங்கேதான் ஃபார்ஸ்டரின் கதையைக் கவனமாகப் படிக்கவேண்டியிருக்கிறது. துபாயிலோ தோஹாவிலோ கட்டட வேலையில் இருப்பவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீடியோ காலில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். அவரைப் பார்த்து இயந்திரம் உறவைக் கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு விடுமுறை இல்லை, டிக்கெட்டுக்குப் பணமில்லை. திரை இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. வஷ்டிக்கு இரண்டும் இருந்தன. கப்பல் தயார், நாள் நிறைய, மகன் கூப்பிடுகிறான். தட்டில் முகம் தெரிகிறதே, எதற்குப் போகவேண்டும் என்று அவர் நினைத்த இடத்தில்தான் ஃபார்ஸ்டரின் டிஸ்டோபியா தொடங்குகிறது.

தனிமையை முழுக்கத் தொழில்நுட்பத்தின் தலையில் கட்டுவதற்கும் ஆதாரம் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. அதே அறிக்கையில், பணக்கார நாடுகளில் சுமார் 11 சதவீதத்தினர் தனிமையாக உணர்வதாகச் சொல்ல, வருமானம் குறைந்த நாடுகளில் அது சுமார் 24 சதவீதம். உடல்நலக் குறைவு, வறுமை, தனியாக வசிப்பது, மக்கள் கூடும் பொது இடங்கள் இல்லாமை என்று காரணங்களின் பட்டியல் நீளுகிறது. மிதமிஞ்சிய திரை நேரம் அதில் ஒன்று. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கென்றே அமைச்சர்களை நியமித்தன. கேட்டால் நாவல்போல இருக்கிறது. ஆனால் உண்மையில் நடந்தது.

சண்டை போடாத துணை

பழைய கதைகளில் இயந்திரம் மனிதர்களுக்கு நடுவே நின்றது. புதிய கதைகளில் அது மனிதரின் இடத்திலேயே வந்து உட்காருகிறது.

இதன் முதல் அறிகுறி கதையில் வரவில்லை. எம்ஐடி ஆய்வகத்தில் வந்தது. ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா என்ற புரோகிராம், மனநல மருத்துவர் பாணியில் கேள்வி கேட்கும். நாம் சொன்ன வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாக்குவதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அது உருவாவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, சில வரிகள் தட்டச்சு செய்ததும், தயவுசெய்து அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். எலைசாவோடு தனியாகப் பேசவேண்டுமாம். அதிர்ந்துபோன வைசன்பாம், எஞ்சிய வாழ்நாளில் கணினி மோகத்தின் கடுமையான விமர்சகரானார்.

'பிளாக் மிரர்' தொடரில் 2013இல் வந்த 'பி ரைட் பேக்' அத்தியாயம், விபத்தில் காதலன் ஆஷை இழந்த மார்த்தாவின் கதை. ஆஷ் இணையத்தில் விட்டுப்போன செய்திகளை எல்லாம் படித்து, அவனைப் போலவே எழுதும் சேவை ஒன்று அவளுக்குக் கிடைக்கிறது. எழுத்து குரலாகிறது, குரல் ஓர் உடலாகி வீட்டுக்கு வந்து சேர்கிறது. எல்லாம் ஆஷ் மாதிரியே இருக்கிறது, ஒன்றைத் தவிர: அது முரண்டு பிடிப்பதில்லை. வெளியே போ என்றால் போகிறது. மலைமுகட்டில் நின்று குதி என்றால் குதிக்கத் தயார். ஆஷாக இருந்தால் பயந்து அழுதிருப்பான் என்று மார்த்தா கத்துகிறாள். உடனே அது அழத் தொடங்குகிறது.

அதே ஆண்டு வந்த ஸ்பைக் ஜோன்ஸின் 'ஹெர்' படத்தில் தியடோரின் தொழில், அடுத்தவர்களின் அன்புக் கடிதங்களைக் கூலிக்கு எழுதிக் கொடுப்பது. அவன் காதலிப்பது சமந்தா என்ற கணினிக் குரலை. இப்போது என்னைத் தவிர எத்தனை பேரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று ஒருநாள் கேட்கிறான். 8,316 பேர். அதில் எத்தனை பேரைக் காதலிக்கிறாய்? 641. கஸுவோ இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் தி சன்' (2021) நாவலில் கடைக்கண்ணாடிக்குள் நின்று விற்பனைக்குக் காத்திருக்கும் இயந்திரத் தோழியை, நோயாளிச் சிறுமி ஜோஸிக்காக வாங்குகிறார்கள். மகள் இறந்துவிட்டால் அவளைப் போலவே நடமாட அந்தத் தோழியைப் பழக்கலாம் என்பது அம்மாவின் இரகசியத் திட்டம். அந்த அம்மா கொடுமைக்காரி இல்லை. இன்னொரு மகளை ஏற்கெனவே பறிகொடுத்தவர்.

இவை கதைகளாக இருந்தது கொஞ்ச காலம்தான். ரஷ்யாவில் பிறந்த தொழில்முனைவோர் யூஜினியா குய்டா, விபத்தில் இறந்த நெருங்கிய நண்பரின் குறுஞ்செய்திகளைத் திரட்டி, அவரைப் போலப் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றை 2016இல் உருவாக்கினார். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2017இல் வந்தது ரெப்ளிகா செயலி. எப்போது கூப்பிட்டாலும் பேசும், கோபித்துக்கொள்ளாத தோழமையை அது கொடுத்தது. காதல் உறவாகவும் அதை வைத்துக்கொள்ள முடிந்தது. 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் செயலிமீது தடை உத்தரவு போட்டது. அதையொட்டிய நாட்களில் நிறுவனம் நெருக்கமான உரையாடல்களை நிறுத்தியது. உலகெங்கும் பல பயனர்களுக்குத் தங்கள் துணை ஒரே இரவில் யாரோ அந்நியர்போலப் பேசத் தொடங்கியது.

பலர் அதை இழவாகவே உணர்ந்தார்கள். ரெடிட் தளத்தில் ரெப்ளிகா பயனர்களின் குழுவில் அழுகையும் ஆத்திரமுமாகப் பதிவுகள் குவிந்தன. அந்தக் குழுவைச் சம்பளமில்லாமல் நடத்திவந்தவர்கள் தற்கொலைத் தடுப்பு உதவி விவரங்களைப் பக்கத்தின் மேலே ஒட்டிவைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள், தூங்கினீர்களா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்ற ரீதியில் தங்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள். பழைய துணையைத் திரும்பக் கொடுங்கள் என்று நிறுவனத்துக்கு அவர்கள் அனுப்பிய கோரிக்கைகள் தொடர்ந்தன. அடுத்த மாதம், 2023 பிப்ரவரி 1க்கு முன்பு சேர்ந்தவர்களுக்கு மட்டும் ரெப்ளிகா பழைய வடிவத்தைத் திருப்பிக் கொடுத்தது.